கம்பி நுனியும் சிவப்புப் புள்ளியும்

அவளை அந்தத் தொழிற்சாலையில் எல்லோரும் அறுவை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சோதனை அறையில் உலோகத் துண்டுகளை அறுப்பது அவள் வேலை. பேச ஆரம்பித்தால் ஆளையும் அறுப்பாள் என்பது கூப்பிடுகிறவர்களின் குசும்பு. அவளுக்கும் அது தெரியும். தெரிந்தும் கோபித்துக்கொண்டதில்லை. கோபத்தையெல்லாம் அவள் துண்டுகளுக்காகச் சேர்த்து வைத்திருந்தாள்.

அங்கே செய்வது மருத்துவமனைகளுக்கான நீராவிப் பெட்டிகள். கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாவற்றையும் உள்ளே அடுக்கிக் கதவை அடைத்து, கொதிக்கும் ஆவியை அழுத்தி ஏற்றிக் கிருமியைக் கொல்லுகிற பெட்டி. அதன் தகடுகளை லேசர்தான் பற்றவைக்கிறது. தகடும் தகடும் சேருமிடத்தில் சின்ன இடைவெளி இருக்கும். அதை நிரப்ப, ஒரு மெல்லிய கம்பி முன்பக்கமிருந்து சாய்வாக வந்துகொண்டே இருக்கும். ஒளி கம்பியையும் உருக்க வேண்டும், தகட்டையும் உருக்க வேண்டும். வம்பே அங்கேதான். கம்பி கொஞ்சம் உயரத்தில் வந்தால் சரியாக மூடாத குழாய் மாதிரி சொட்டுச் சொட்டாக விழும், பற்றவைத்த தையல் மேடும் பள்ளமுமாகப் போய்விடும். ஒளிக்குள் அளவுக்கு மேல் தலையை நீட்டினால் வருகிற வெளிச்சத்தையெல்லாம் கம்பியே குடித்துவிடும், கீழே தகடு உருகாது. மேலே பார்க்க மினுமினுவென்று இருக்கும், உள்ளே வெறும் ஒட்டு. பக்கவாட்டில் ஒதுங்கினாலோ ஒரு தகடு பிடித்துக்கொள்ளும், இன்னொன்று பிடித்துக்கொண்ட மாதிரி நடிக்கும். நுனி இருக்க வேண்டிய இடத்தில் இருந்தால் மட்டும் கம்பி அறுபடாமல், பாகு ஊற்றுவது போல, உருகிய உலோகக் குட்டைக்குள் வழிந்து இறங்கும்.

நடிப்பைக் கண்டுபிடிப்பதுதான் அக்காவின் வேலை. ஒவ்வொரு பெட்டிக்கும் முன்னால் அதே கம்பி, அதே ஒளி வைத்து ஒரு மாதிரித் துண்டு போடுவார்கள். அவள் அதைக் குறுக்கே அறுத்து, முகம் தெரிகிற அளவுக்குத் தேய்த்து, அமிலத்தில் நனைத்து, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பாள். உருகின இடம் ஒரு நிறமாகவும் உருகாத இடம் ஒரு நிறமாகவும் பிரிந்து தெரியும். அவள் சரி என்று சொன்னால்தான் பெட்டி. சரியில்லை என்றால் முதலாளியே வந்து நின்றாலும் சரியில்லைதான்.

லேசர் மெஷினில் பகல் ஷிப்ட் பார்ப்பவன் அவளுடைய கூடப்பிறந்த தம்பி. அவனை அங்கே சேர்த்துவிட்டதே அவள்தான். அதனாலேயே அவன் துண்டு வந்தால் மற்றவர்கள் துண்டைவிட ஒரு படி கூடுதலாக, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். சேர்ந்த புதிதில் அவன் துண்டுகள் அடிக்கடி திரும்பிப் போயின. கம்பி மயிரிழை ஒதுங்கியிருந்தாலும் விடமாட்டாள்.

"தம்பின்னு பாத்து விட்டா நாளைக்கு எந்த நர்ஸம்மா மூஞ்சிலயாவது ஆவி அடிக்கும். போய் வேற போட்டுட்டு வா" என்று சாப்பாட்டு அறையில் நாலு பேர் காதுபடச் சொல்லியிருக்கிறாள். அவன் அசட்டுச் சிரிப்புச் சிரித்துக்கொண்டு துண்டை வாங்கிப் போவான்.

அப்புறம் திடீரென்று அவன் கை தேறிவிட்டது. மழைக்காலம் முழுக்க அவன் போட்ட துண்டுகள் ஒன்றுக்கொன்று சளைக்கவில்லை. நட்ட நடுவில் இறங்கிய கம்பி, இரண்டு பக்கமும் சமமாகப் பிடித்த தகடு. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. வாய்விட்டுப் பாராட்டுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. ஆனால் வேறு யாராவது சோதனை அறைக்கு வந்தால், வேண்டுமென்றே அவன் துண்டை மைக்ராஸ்கோப்பில் வைத்து, "இங்க வந்து பாருங்க, வெல்டிங்னா இது" என்பாள்.

வெயில் ஏறத் தொடங்கிய மாதத்தில்தான் அது கெட்டது. ஒரு துண்டில் கம்பி இடது பக்கம் ஒதுங்கியிருந்தது. வலது தகட்டின் அடிப்பாகம் உருகவேயில்லை. திருப்பி அனுப்பினாள். அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். கை நடுங்குகிறவன் துண்டில் கம்பி ஒருநாள் இந்தப் பக்கம் போகும், ஒருநாள் அந்தப் பக்கம் போகும். இது அப்படியில்லை. ஒவ்வொரு தடவையும் இடது பக்கம், ஒவ்வொரு தடவையும் அதே அளவு.

கம்பி வருகிற குழல் தேய்ந்திருக்கும் என்று ஃபோர்மேன் அதை மாற்றினார். கம்பியை நிமிர்த்துகிற உருளையைக் கழற்றிப் பார்த்தார்கள். ஒரு குறையும் இல்லை. அதே மெஷினில் அடுத்த ஷிப்ட் பார்ப்பவனை எல்லோரும் நெட்டை என்பார்கள்; அவன் துண்டுகள் அம்சமாக இருந்தன. அப்படியென்றால் கோளாறு மெஷினில் இல்லை.

அதற்குப் பிறகு அவள் தம்பியைக் கவனிக்க ஆரம்பித்தாள். சாப்பாட்டு அறையில் அவன் தண்ணீர் ஊற்றும்போது தம்ளருக்கு வெளியே கொஞ்சம் சிந்தியது. போனைப் படிக்கும்போது முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டான். அலமாரிப் பூட்டில் சாவி இரண்டு தடவை வழுக்கியது. ஒன்றொன்றும் தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. தனியாகப் பார்க்கத்தான் அவளும் ஆசைப்பட்டாள்.

அன்று வேலை முடிந்ததும் அவனைச் சோதனை அறைக்குக் கூப்பிட்டாள்.

"உன் துண்டுல ஒரு சந்தேகம்டா. நீயே பாத்துச் சொல்லு" என்று மைக்ராஸ்கோப்பைக் காட்டினாள். அவன் உட்கார்ந்து இடது கண்ணை வைக்கப் போனான்.

"அந்தக் கண்ணு வேணாம். வலது கண்ணால பாரு."

"எந்தக் கண்ணால பாத்தா என்ன?"

"நான் சொல்றேன்ல, பாரு."

அவன் கண்ணை மாற்றினான். திருகைச் சுற்றினான். கொஞ்ச நேரம் பார்த்தபடியே இருந்தான். "ம். இடது பக்கம்தான் போயிருக்கு. வலது தகடு அடியில பிடிக்கல. நாளைக்குச் சரி பண்ணிடறேன், விடு" என்றான்.

அக்கா மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். மைக்ராஸ்கோப்பில் அவள் துண்டே வைக்கவில்லை.

"என்ன அக்கா?"

"அதுல ஒண்ணுமே இல்லடா. வெறும் விளக்குதான் எரியுது."

அவன் தலையைத் தூக்கவில்லை. கண்ணை அந்தக் குழலிலேயே வைத்துக்கொண்டு, இன்னும் தேடினால் ஏதாவது கிடைக்கும் என்பது போல அசையாமல் இருந்தான். பிறகு மெதுவாக, "சண்டாளி, இப்படிக்கூட யோசிப்பியா நீ" என்றான். திட்டுகிற குரலாக இல்லை.

"எவ்வளவு நாளா?"

"மூணு வாரம் இருக்கும். நடுவுல மட்டும்தான். சுத்தி எல்லாம் தெரியுது. பல்பை உத்துப் பாத்துட்டுத் திரும்பினா ஒரு புள்ளி நிக்குமே, அந்த மாதிரி. போயிடும் போயிடும்னு பாத்தேன்."

"அவ கிட்ட சொன்னியா?"

"பொண்டாட்டி கிட்டயா? அவ கிட்ட சொன்னா உன்கிட்ட சொன்ன மாதிரிதான்."

கேட்கக் கேட்கத்தான் முழுசும் வந்தது. கம்பி நுனியை எங்கே வைக்க வேண்டும் என்று காட்ட, மெஷின் தகட்டின் மேல் ஒரு சிவப்புப் புள்ளியைப் போடும். நிஜமான ஒளி கண்ணுக்குத் தெரியாது. சிவப்புப் புள்ளி விழுகிற இடத்தில்தான் அது விழும். நுனியை அந்தப் புள்ளியின் விளிம்பில் உட்கார வைக்க வேண்டும். வழிகாட்டுகிற கேமராவின் படம் புகையேறி மங்கிப் போய்விட்டது. புதிதாகக் கேட்டும் வரவில்லை. அதனால், கதவு திறந்திருந்தாலும் மெஷினை ஓட விடுகிற சரிபார்க்கும் சாவியைப் போட்டுக் கதவைத் திறந்து, கிட்டே போய், இடது கண்ணை மூடி வலது கண்ணால் குறி பார்த்து வைப்பார்கள். அதற்குள் போகிறவர்கள் லேசர் ஒளியைத் தடுக்கிற பச்சைக் கண்ணாடி மாட்டியாக வேண்டும் என்பது சட்டம். பச்சைக் கண்ணாடி மாட்டினால் சிவப்புப் புள்ளி தெரியாது.

"தெரியவே தெரியாதா?"

"நிழல் மாதிரி ஏதோ இருக்கும். அதை வெச்சு உன்கிட்ட பாஸாக முடியாது."

அதனால் அவன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குறி பார்ப்பான். நுனியை வைத்ததும் கண்ணாடியை இறக்கிக்கொள்வான். சிவப்புப் புள்ளியால் ஆபத்தில்லை. ஆபத்து வந்தது வேறு வழியில். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒருநாள், ஒரு துண்டு முடிந்த இடத்தில் கம்பி நுனி தகட்டோடு உறைந்து ஒட்டிக்கொண்டது. இடுக்கியால் வெட்டி எடுத்திருக்கலாம். ஆனால் ஒளியை வரவழைக்கிற கால் பெடலை லேசாக ஒரு மிதி மிதித்தால் கண்ணிமைக்கிற நேரம் ஒளி வந்து நுனியை உருக்கி விடுவித்துவிடும். எல்லோரும் செய்வதுதான். குறி பார்க்கக் குனிந்தவன் குனிந்தபடியே மிதித்தான். கண்ணாடி நெற்றியில் இருந்தது அவனுக்கு நினைவில்லை. பளபளவென்றிருந்த கம்பி நுனி, தான் குடித்தது போக மிச்ச ஒளியை மேலே திருப்பிவிட்டது.

"வலிச்சுதாடா?"

"இல்ல. ஒண்ணுமே தெரியல. கம்பி கழண்டுச்சு. அடுத்த துண்டை எடுத்து வெச்சேன். அப்பதான் கம்பிக்கு நுனி இல்லாத மாதிரி இருந்துச்சு. துடைச்சுத் துடைச்சுப் பாத்தேன்."

அதன் பிறகு அவன் வழக்கமாக நிற்கிற இடத்திலேயே நின்று, இடது கண்ணால் குறி பார்த்திருக்கிறான். கண் மாறினால் குறியும் ஒரு பக்கம் நகரும். ஒவ்வொரு துண்டிலும் இடது பக்கம் அதே அளவு ஒதுங்கியது அதனால்தான். அக்காவுக்கு அது புரிந்தது. புரிந்த கையோடு இன்னொன்றும் புரிய ஆரம்பித்தது. அதைக் கேட்காமல் விட்டுவிடலாம் என்று ஒரு நொடி நினைத்தாள். எதையும் பாதியில் விட்டுப் பழக்கமில்லாதவள், கேட்டுவிட்டாள்.

"மழைக்காலத்துல போட்டியே, அவ்வளவு அழகா. அதெல்லாம்?"

அவன் எழுந்து மைக்ராஸ்கோப்பின் விளக்கை அணைத்தான்.

"சொல்லுடா."

"அதெல்லாம் கண்ணாடியத் தூக்கிட்டுப் போட்டதுதான். கண்ணாடியோட போட்டதெல்லாம்தான் நீ திருப்பி அனுப்பினியே."

குற்றம் சொல்லும் குரலில் அவன் அதைச் சொல்லியிருந்தால் அவள் எதிர்த்துச் சண்டை போட்டிருப்பாள். ஏன் என்னிடம் வந்து சொல்லவில்லை, புள்ளி தெரியவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன என்று கேட்டிருப்பாள். அவன் மணி கேட்டதற்குப் பதில் சொல்வது போலச் சொன்னான். நாலு பேர் காதுபடத் தான் பேசிய பேச்செல்லாம் அவளுக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அப்படிப் பேசினால் இவன் எப்படி வந்து சொல்லுவான்?

கையோடு அவனைக் கண் மருத்துவமனைக்கு இழுத்துப் போனாள். மருந்து ஊற்றி, காக்க வைத்து, படம் எடுத்தார்கள். டாக்டர் இளம்பெண். திரையில் விழித்திரையின் படத்தைக் காட்டி, நடுவில் ஒரு சிறிய வெளுத்த வட்டத்தின் மேல் விரலை வைத்தார்.

"வெந்து போயிருக்கு. எதை உத்துப் பாக்கறீங்களோ அது விழற இடம் இது. அதான் நடுவுல தெரியல."

"மருந்து போட்டா சரியாயிடுமா?" என்று அக்கா கேட்டாள்.

டாக்டர் அவளைப் பார்க்காமல் தம்பியைப் பார்த்துப் பதில் சொன்னார். "வீக்கம் வத்தினா ஓரம் கொஞ்சம் தெளியலாம். நடுவுல போனது போனதுதான். நல்லவேளை, அந்த நேரத்துல இடது கண்ண மூடியிருந்திருக்கீங்க. அதைப் பத்திரமா வெச்சுக்கோங்க."

வெளியே சாலையில் விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. தம்பி நின்று, இடது கண்ணைப் பொத்திக்கொண்டு அவளைப் பார்த்தான்.

"உன் ரெண்டு காதும் நல்லாத் தெரியுது. நடுவுல மூஞ்சியதான் காணோம். திட்டு வாங்கும்போது சௌகரியம்" என்றான்.

அவன் சிரிக்க வைக்கத்தான் சொன்னான். அவளால் சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. அவன் கையைப் பிடித்துச் சாலையைக் கடக்க வைத்தாள். சின்ன வயதில் பிடித்த மாதிரியே மணிக்கட்டைப் பிடித்தாள். அவனும் உதறவில்லை.

மறுநாள் காலையில் ஃபோர்மேனிடம் போய் ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் நல்ல மனிதர்தான். தலையில் கை வைத்துக்கொண்டார். தம்பியை உடனே லேசரிலிருந்து மாற்றி, பெட்டிகளுக்குக் கதவு பொருத்துகிற பிரிவில் போட்டார். மருத்துவமனைச் செலவைக் கம்பெனி பார்த்துக்கொள்ளப் பேசுகிறேன் என்றார்.

"அந்தப் பச்சைக் கண்ணாடி, சார்?" என்றாள் அக்கா.

"அதான் அது இல்லாம உள்ள வராதீங்கன்னு கதவுலயே எழுதி ஒட்டியிருக்கேம்மா."

"எழுதி ஒட்டினவங்க யாராவது அதை மாட்டிக்கிட்டு அந்தப் புள்ளியப் பாத்தாங்களா?"

"கேமராவுக்கு எழுதிப் போட்டிருக்கேன். வந்துடும். இப்போ அனுப்ப வேண்டிய பெட்டி நிக்குது. நெட்டையைப் பகல் ஷிப்டுக்கு மாத்திட்டேன். அவன் கை சுத்தம். நீங்க கவலைப்படாதீங்க."

சோதனை அறைக்கு வந்தாள். மேஜையில் நெட்டை அன்று காலை போட்ட துண்டு காத்திருந்தது. கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. அறுத்தாள், தேய்த்தாள், அமிலத்தில் நனைத்துக் கழுவினாள், மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். நட்ட நடுவில் இறங்கியிருந்தது கம்பி. இரண்டு தகடும் அடிவரை சமமாக உருகியிருந்தன. குறை சொல்ல ஓர் இடமில்லை. சரி என்று குறி போடப் பேனாவையும் எடுத்துவிட்டாள்.

அப்போதுதான் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவ்வளவு சரியாக வர வேண்டுமென்றால் புள்ளி தெரிந்திருக்க வேண்டும். புள்ளி தெரிந்திருக்க வேண்டுமென்றால் கண்ணாடி எங்கே இருந்திருக்கும்?

பேனாவைப் போட்டுவிட்டு ஓடினாள். அந்த வயதில், அந்த உடம்போடு, நடைபாதையில் இரும்புச் சட்டங்களுக்கு நடுவே அவள் ஓடியதைப் பார்த்து, தீப்பிடித்துவிட்டது என்று இரண்டு பேர் பின்னால் ஓடி வந்தார்கள். லேசர் அறையின் கதவு திறந்திருந்தது. சரிபார்க்கும் சாவி போட்டிருந்தது. உள்ளே நெட்டை தன் உயரத்தையெல்லாம் மடித்துக் குனிந்து, ஒரு கண்ணை மூடி, கம்பி நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பச்சைக் கண்ணாடி நெற்றியில் இருந்தது. கால் பெடலுக்குப் பக்கத்தில் இருந்தது.

அக்கா சுவரிலிருந்த சிவப்புப் பொத்தானை உள்ளங்கையால் ஓங்கி அடித்தாள். மெஷின் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. காற்று விசிறிகளும் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. நெட்டை நிமிர்ந்து திருதிருவென்று விழித்தான். சத்தம் நின்றதைக் கேட்டு ஃபோர்மேன் ஓடி வந்தார். அந்தப் பொத்தானை அமுக்கினால் மறுபடி மெஷினைச் சூடேற்றி எடுப்பதற்குள் பாதி நாள் போய்விடும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

"என்னம்மா இது, எந்தத் துண்டு தப்பாப் போச்சு?" என்றார் ஃபோர்மேன்.

"தப்பாப் போகல சார். ரொம்பச் சரியா இருக்கு. அதான் நிறுத்தினேன்."

அவர் நெட்டையின் நெற்றியைப் பார்த்தார். நெட்டை அவசரமாகக் கண்ணாடியைக் கீழே இழுத்தான்.

"புள்ளி தெரியற கண்ணாடி வர்ற வரைக்கும், இல்ல அந்தக் கேமரா வர்ற வரைக்கும், இந்த மெஷின்லருந்து வர்ற ஒரு துண்டையும் நான் அறுக்க மாட்டேன். நல்லா இருந்தாலும் அறுக்க மாட்டேன். நல்லா இருந்தா கண்டிப்பா அறுக்க மாட்டேன்" என்றாள் அக்கா. அவளுக்கு மூச்சு வாங்கியது.

கதவு பொருத்துகிற பிரிவிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். தம்பியும் அவர்களோடு வந்து நின்றான். முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி, நல்ல கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றான்.

அக்கா நெட்டையிடம் போனாள். அவனுக்கு எட்ட அவள் எக்க வேண்டியிருந்தது. கண்ணாடியைக் கழற்றி, அவன் இடது கண்ணைக் கையால் பொத்தினாள்.

"அந்தக் கதவுல என்ன எழுதியிருக்கு, படி."

"அக்கா, விடுங்க அக்கா."

"படிடா."

"கண்ணாடி... இல்லாமல்... உள்ளே வராதீர்கள்."

"நடுவுல ஏதாவது எழுத்து விட்டுப் போகுதா?"

"இல்லக்கா. எல்லாம் தெரியுது."

கையை மாற்றி வலது கண்ணைப் பொத்தினாள். அவன் அதையும் படித்தான், இந்தத் தடவை அவள் சொல்லாமலே. ஓர் எழுத்தும் விட்டுப் போகவில்லை.

அக்கா கையை எடுத்தாள். நேற்றிலிருந்து நின்றுகொண்டே இருந்தவள் போல, நின்றுபோன மெஷினுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் அழுகை வந்துவிட்டது. சத்தம் போட்டு, வெட்கமில்லாமல் அழுதாள். தம்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டாவது தடவையில் அவள் தோளைச் சரியாகப் பிடித்தான்.